சும்மா விட்ட கூடு

அந்தோனியாருக்கே பரீட்சை வைத்தார் என்று பெயரெடுத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போவார். இரண்டு வேண்டுதல் இருந்தால் ஒன்றுக்கு மெழுகுதிரி கொளுத்துவார். மற்றதை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். எது முதலில் நிறைவேறுகிறது என்று பார்ப்பதற்காக. ஒரு மெழுகுதிரியை நாலாக முறித்துப் பாவித்த காலம் அது. ஆகவே சுவாமியார் முதலில் இதைச் சிக்கனம் என்றுதான் நினைத்தார். விஷயம் விளங்கியதும் கூப்பிட்டுக் கண்டித்தார்.

"என்ன பிள்ளை, புனிதரைச் சோதிக்கிறியோ?"

"இல்லைச் சுவாமி, மெழுகுதிரியைத்தான் சோதிக்கிறன்."

சுவாமியார் படித்தவர். பூசைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதுவதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்க அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. முப்பத்தைந்து வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் சம்மதமில்லாமல் பெயர் எழுதமாட்டான். மயிலிட்டியில் கடற்றொழில் செய்த குடும்பம். தொண்ணூறில் சண்டையால் அந்தக் கரையே வெறுமையானபோது புருஷனோடும் மூன்று பிள்ளைகளோடும் ஒரு சுருள் வலையோடும் மானிப்பாய்ப் பக்கம் வந்தார். சட்டி பானையை விட்டுவிட்டு வலையை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால், "சட்டி இல்லாட்டி இரவல் வாங்கலாம் ஐயா, வலை ஆர் தருவினம்?" என்பார். கடலில்லாத ஊரில் அந்த வலை கோழிக்கூடாயிற்று. பூவரசங் கதியால்களை நட்டு, வலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே இறைச்சிக்கோழி வளர்த்தார். அந்தப் பகுதியில் ஐந்தாறு குடும்பம் அப்படித்தான் சீவித்தது.

நான் கால்நடை வைத்தியப் பகுதியின் ஒரு சிறிய கந்தோரில் பிரதம லிகிதர். எனக்குக் கீழே லிகிதர் எவரும் இல்லாதபடியால் நானே பிரதமம், நானே மிச்சமும். டொக்டர் ஒருவர், தொழிலாளி சின்னராசா, நான்; இவ்வளவுதான் கந்தோர். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் கொழும்பிலிருந்து எங்களுக்கு மருந்து வராது. மருந்து எவ்வளவு பாவித்தீர்கள் என்று கேட்கும் படிவம் தவறாமல் வரும். வரத் தடைசெய்யப்பட்ட பொருளின் கையிருப்பை மாதம் தோறும் மூன்று பிரதிகளில் 'இல்லை' என்று நிரப்பி அனுப்பினோம். கார்பன் தாளும் முடிந்துபோனபின் மூன்று 'இல்லை'யையும் நான் கையால் எழுதினேன். மூன்றும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன்.

அவர் முதல்முதல் கந்தோருக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பூவரசமிலைப் பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்து விரித்தார். உள்ளே கோழி எச்சம். இரத்தம் கலந்திருந்தது.

"இதுக்கு மருந்து இருக்கோ ஐயா?"

"படிவம் இருக்கு அம்மா."

"படிவத்தைக் கரைச்சுக் குடுக்கலாமோ?"

உள்ளேயிருந்து டொக்டர் சிரித்துக்கொண்டு வந்தார். இரத்தக்கழிச்சல் என்றார். முந்தியென்றால் தீவனத்திலேயே மருந்து கலந்து வரும், இப்போது அதற்கு வழியில்லை, உள்ளிப்பூடும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் சொல்வது அதுதான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள், பிறகு வரமாட்டார்கள். இவர் மட்டும் பத்தாம் நாள் திரும்ப வந்தார்.

"எப்பிடி, சுகமோ?" என்றார் டொக்டர்.

"பத்துக் குஞ்சுக்குக் குடுத்தனான். பத்தைச் சும்மா விட்டனான். குடுத்ததிலை ரெண்டு செத்தது. விட்டதிலை மூண்டு செத்தது."

"அப்ப வேலை செய்யுது."

"ஒரு குஞ்சை வைச்சு அப்பிடிச் சொல்லலாமோ டொக்டர்? இன்னும் பாக்கவேணும்."

டொக்டர் என்னைப் பார்த்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்த மனிதருக்கு இப்படி ஒரு பதிலை யாழ்ப்பாணத்தில் எவரும் அதுவரை சொன்னதில்லை.

'ஒண்டைச் சும்மா விட்டு வைக்கவேணும்.' இதுதான் அவருடைய வேதம். சிறுபிள்ளையாக இருந்தபோது தகப்பன் நூல்வலைக்கு மரப்பட்டைச் சாயம் தோய்க்க, இவர் ஒரு முழத்தைச் சாயத்தில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம், சாயத்தால் உண்மையில் பயன் உண்டோ என்று அறிய. அந்த முழம் உக்கிப்போய், அதனூடாக ஒரு நாள் மீனெல்லாம் போய்விட்டது. தகப்பன் அடித்தார். "அடி விழுந்தது சரி ஐயா, ஆனால் சாயம் வேலை செய்யுதெண்டு எங்கடை கரையிலை அண்டைக்குத்தான் ஒராளுக்கு வடிவாய்த் தெரிஞ்சது" என்றார் என்னிடம்.

பிள்ளைகள் விஷயத்தில் இது கொஞ்சம் பயங்கரமாகவே இருந்தது. வளர்வதற்கென்று யாரோ கொடுத்த சத்துமருந்தை மூத்தவனுக்கும் கடைசிக்கும் கொடுத்தார். நடுவிலானுக்குக் கொடுக்கவில்லை. என் மனைவி அதைக் கேட்டு, "இதென்ன கோதாரி, உவ ஒரு தாயோ?" என்று இரண்டு நாள் புறுபுறுத்தாள். கடைசியில் நடுவிலான்தான் மூவரிலும் உயரமாக வளர்ந்தான். அப்போதும் அவர் மருந்தைக் குறை சொல்லவில்லை. "ஒருத்தனை வைச்சு என்னத்தைச் சொல்லுறது? நூறு பிள்ளை பெற்றுப் பாக்கவேணும்" என்றார். புருஷன் எழும்பி வெளியே போய்விட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மாஸ்ரருடைய பொடி வந்து சேர்ந்தது.

மாஸ்ரர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். எங்கள் பகுதியில் தோன்றிய சுயதேவைக் குழுவின் தலைவர். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கோழி வளர்ப்பவர்களுக்குக் காட் என்ற பங்கீட்டு அட்டை முறையில் பகிரும் அதிகாரம் அந்தக் குழுவிடம் இருந்தது. அதிகாரம் வந்தபின் மாஸ்ரருக்கு ஒரு கண்டுபிடிப்பும் வந்தது. வேப்பிலை, கீழ்க்காய்நெல்லி, குப்பைமேனி, முருங்கையிலை, உள்ளி, மஞ்சள், வேர்க்கொம்பு என்று பதினொரு சரக்கைக் காயவைத்து இடித்த பொடி. கோழிக்கு நோயும் வராது, நிறையும் கூடும், தெற்கின் மருந்துக்குக் கையேந்தவும் தேவையில்லை என்றார். ஏன் பதினொன்று என்று கேட்டேன்.

"பத்தெண்டால் சனம் மதிக்காது. பன்னிரண்டெண்டால் இடிக்க ஆள் வராது" என்றார்.

அவர் நேர்மையானவர் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு அவருடைய திட்டம் முழுவதும் தெரிந்தது: இனிமேல் பொடியை எடுப்பவருக்குத்தான் தவிடும் புண்ணாக்கும். அதற்கு டொக்டரின் கையொப்பமும் கந்தோர் முத்திரையும் வேண்டும். டொக்டர் எதற்கும் 'இல்லை' என்று சொல்லாதவர். ஆனால் 'ஓம்' என்றும் இலேசில் சொல்லமாட்டார். "பரிசோதிச்சுப் பாத்துச் செய்வம் மாஸ்ரர். பொடி போட்ட கூடு ஒண்டு, போடாத கூடு ஒண்டு" என்றார். போடாத கூடு ஒன்றைப் போடாமல் வைத்திருக்கக்கூடியவர் யார் என்று கேள்வி வந்தது. எல்லோருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

மாஸ்ரர் நேரில் போய்ச் சொன்னார். "தங்கச்சி, உம்மடை பேர் சரித்திரத்திலை வரும்."

"அது வரட்டும் மாஸ்ரர். பொடியிலை வேப்பிலை எவ்வளவு?"

"நிறைய."

"நிறையவெண்டால் தின்னுமோ தெரியேல்லை. பாத்திட்டுச் சொல்லுறன்."

பரிசோதனைக்கான நடைமுறையை எழுதியவன் நான். கிளாலிக் கடல் தாண்டி, துளைபோட்ட பெட்டிகளில் வந்த குஞ்சுகளில் உயிரோடிருந்த நாற்பது. இருபது அ-கூட்டில், இருபது ஆ-கூட்டில். ஒரே தவிடு, ஒரே புண்ணாக்கு, ஒரே தண்ணீர். அ-கூட்டுக்கு மட்டும் பொடி. பொடி மொத்தமாகக் கையளிக்கப்படக் கூடாது. ஒவ்வொரு காலையும் சின்னராசா குழுவின் களஞ்சியத்தில் கையெழுத்து வைத்து அன்றைய அளவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டும். பின்னேரம் நான் போய் இரண்டு கூட்டையும் பார்த்து நாளாந்த அவதானிப்புப் பதிவேட்டில் ஒப்பமிடவேண்டும். பொடியின் மாதிரி ஒன்று முத்திரையிட்ட பையில் கோப்போடு இருக்கவேண்டும். ஓட்டையில்லாத நடைமுறை என்று இன்றைக்கும் சொல்வேன். ஓட்டைகள் மனிதர்களிடம் இருந்தன.

இதை விளங்கிக்கொள்ள அந்தக் காலத்துச் சீவியத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சவர்க்காரக் கட்டி ஒன்றை நூலால் நாலாக அறுத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். சீனி உள்ளங்கையில் ஒரு நுள்ளு. அதை நக்கிக்கொண்டு தேநீர் குடித்தோம், எல்லோரும் ஒரே அளவு. சங்கக்கடை வரிசையில் ஒருவருக்கு அரைக் கொத்து கூடப் போனால் கூச்சல் கிளம்பும். குறைந்துபோனால் அதைவிடப் பெரிய கூச்சல். ஒருவருக்குக் கொடுத்துப் பக்கத்திலிருப்பவருக்குக் கொடுக்காமல் விடுவது எங்களுக்குப் பாவமாகவே ஆகிவிட்டிருந்தது. குழுவும் கந்தோரும் குண்டுவீச்சும்கூட ஆள் பார்த்து வஞ்சகம் செய்யக் கூடாது என்பது எங்கள் கொள்கை.

இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம். அவர் தண்ணீருக்குப் போயிருந்தார். நான் இரண்டு கூட்டுக்கும் நடுவில் நின்றேன். அ-கூட்டில் மஞ்சள் நிறத் தீன். குஞ்சுகள் விழுந்து கொத்தின. ஆ-கூட்டில் வெறும் தவிட்டு நிறம். அந்த இருபதும் தங்கள் தீனை விட்டுவிட்டு, வலைக்கண்ணுக்குள்ளால் கழுத்தை நீட்டி அடுத்த கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று காலையில்தான், பங்கீட்டுப் பட்டியலில் விடுபட்ட ஒரு விதவைக்காகச் சங்கக்கடைக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதியிருந்தேன். 'தகுதியுள்ள ஒருவரை விட்டுவிடுவது நிர்வாக முறைகேடு' என்று அதில் ஒரு வசனம். எனக்கு மிகவும் பிடித்த வசனம்.

கோப்போடு கொண்டுவந்திருந்த மாதிரிப் பையை எடுத்தேன். முத்திரை என் முத்திரைதான். ஒரு நுள்ளுப் பொடி எடுத்து ஆ-கூட்டின் தீனில் தூவினேன். பிறகு பதிவேட்டில் 'அவதானிப்பு: வழமைபோல்' என்று எழுதி ஒப்பமிட்டேன். அடுத்த நாளும் வழமைபோல்தான். மாதிரிப் பை முடிந்தபோது, பரிசீலனைக்குப் போதாது என்று கடிதம் அனுப்பி இன்னொரு பை வாங்கினேன். மாஸ்ரருக்கு அந்த அக்கறையில் மெத்தச் சந்தோஷம்.

பாவம் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாம் கிழமை ஆ-கூட்டுக் கோழிகள் தீனில் குறை வைக்கத் தொடங்கின. நிறையும் பின்தங்கியது. மாஸ்ரர் குதூகலமானார். "பாத்தியளோ, பொடி இல்லாததுகள் எப்பிடி வாடுதெண்டு!" அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு குனிந்து, ஆ-கூட்டின் எச்சத்தை ஈர்க்கால் கிளறினார். மணந்து பார்த்தார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவர் எதையும் மணந்து பார்ப்பவர்.

அந்தக் கிழமை புருஷனைக் குருநகரிலிருந்த தமக்கை வீட்டுக்கு அனுப்பினார். கூரை வேய உதவி வேண்டுமாம். அடுத்த கிழமை புருஷன் திரும்பி வந்துவிட்டார். சின்னராசாவுக்கு வேறொரு கட்டளை. "தம்பி, படலையிலை வைச்சுப் பொடியைத் தந்திட்டுப் போ, உள்ளை வந்தால் குஞ்சு வெருளுது." அதற்கடுத்த கிழமை சின்னராசா மறுபடி உள்ளே போய்வந்தான். இந்தமுறை அந்த அம்மா என்னிடம் வந்து, "ஐயாவுக்கு முழங்கால் நோ. பதிவேட்டை நான் வீட்டை கொண்டுவாறன், இருந்தபடி ஒப்பம் வையுங்கோ" என்றார். பார்க்காமல் அவதானிப்பு எழுத நடைமுறையில் இடமில்லை என்றேன். "நோய் விடுமுறைக்கு இடமிருக்குத்தானே?" என்றார். இருந்தது. எனக்கு உண்மையிலேயே முழங்கால் நோவும் இருந்தது.

கடைசி நிறுவைக்கு முதல்நாள் பின்னேரம் பதிவேட்டோடு வந்தார். மனைவி கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு பதிவேட்டின் பின்னட்டையைத் திறந்து காட்டினார். பென்சிலால் மூன்று கோடு.

"இவர் இல்லாத கிழமை ஆ-கூடு கொஞ்சம் கூடத் திண்டது. சின்னராசாத் தம்பி உள்ளை வராத கிழமையும் கூடத் திண்டது. ஐயா வராத கிழமையும் கூடத் திண்டது."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"மூண்டு பேரும் போட்டிருக்கிறியள். ஒராளுக்கு ஒராள் தெரியாமல். அ-கூட்டுக்குப் போனதிலும் பாக்க ஆ-கூட்டுக்குத்தான் கூடப் போயிருக்கு. வேப்பிலைக் கைப்பிலை அதுகள் தின்னேல்லை. அதுதான் மெலிவு."

"நீங்கள் சொல்லுறது..."

"பொறுங்கோ ஐயா. நாளைக்கு ஆ-கூட்டுக்குப் பொடி போடேல்லையெண்டு நான் கையெழுத்து வைக்கவேணும். வைச்சால் எல்லாருக்கும் பொடி கட்டாயம். நல்லதெண்டு சனம் கையாலை அள்ளி அள்ளிப் போடும். ஆறு வீட்டுக் கோழியும் தின்னாமல் கிடக்கும். வைக்காட்டி என்ரை காட் போயிடும். புண்ணாக்கு இல்லாமல் நான் என்னத்தைக் குடுத்து வளர்க்கிறது? மூண்டு பிள்ளையும் உந்தக் கூட்டிலைதான் இருக்குது." தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "நாளைக்கு நீங்களாச் சொல்லுறியளோ?"

முத்திரையிட்ட அரசாங்க மாதிரியை உடைத்துப் பரிசோதனையைக் கெடுத்த பிரதம லிகிதருக்கு ஓய்வூதியச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு வாசகம் வாசகமாகத் தெரியும். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

"பதிவேட்டிலை இல்லாத விஷயத்தை வாய்மொழியாய் எடுக்கிறது கஷ்டம் அம்மா" என்றேன்.

"பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவருடைய வளவு நிறையச் சனம். காட் வைத்திருந்த ஆறு குடும்பமும் வந்திருந்தது. சின்னராசா தொங்குதராசைப் பூவரசில் கொழுவினான். கோழிகளைக் காலில் கட்டி ஒவ்வொன்றாக நிறுத்தோம். அ-கூடு முந்தியது, அதுவும் நல்லாய் முந்தியது. மாஸ்ரர் ஒரு பேச்சுப் பேசினார். சித்தர்களில் தொடங்கி எங்கள் தன்மானத்தில் முடித்தார். இடையில் கோழி ஒன்று பலமாகக் கத்தியபோது சிலர் கைதட்டினார்கள். பிறகு நான் தயாரித்த படிவம் மேசைக்கு வந்தது.

"தங்கச்சி, இந்த இடத்திலை."

"வைக்கமாட்டன் மாஸ்ரர்."

"என்ன?"

"ஆ-கூடு சும்மா இருக்கேல்லை. அதுக்குத்தான் கூடப் பொடி விழுந்தது."

மாஸ்ரரின் முகம் கறுத்தது. "உம்மடை காட்டை நாங்கள் யோசிக்கவேண்டி வரும். கவனமாய்க் கதையும். ஆர் போட்டது?"

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "இவர் ஒராள்."

புருஷன் தலையைச் சொறிந்தார். பெரிய கடலில் பெரிய மீன் பிடித்த மனிதர். "பாவமாக் கிடந்தது மாஸ்ரர். அந்தப் பக்கத்துக்குப் போட்டு இந்தப் பக்கத்துக்குப் போடாமல்... கோழியெண்டாலும் பாக்குதெல்லே."

"மற்றது சின்னராசாத் தம்பி."

"ஓம் அக்கா" என்றான் சின்னராசா, தராசைப் பிடித்தபடியே. "பையின்ரை மூலையிலை மிச்சம் கிடக்கும். உதறிவிட்டனான். அதுகளும் பிள்ளையள்தானே."

அவர் அத்தோடு நிறுத்தினார். என் கையில் பேனை இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். மடியில் பொடி இருக்கிறதா என்று தேடுகிற பார்வை இல்லை. தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற பார்வை.

"வேறை ஆரும்?" என்றார் டொக்டர்.

"நான் சொல்லுறது அவ்வளவுதான்."

நான் குனிந்து 'இருவர்' என்று எழுதினேன். என் எழுத்து எப்போதும்போல் அழகாக இருந்தது.

கூட்டத்தில் நின்ற ஒரு கிழவர் சத்தமாக யோசித்தார்: "அப்ப, பொடி கூடத் திண்டதுதான் மெலிஞ்சது?"

சிரிப்பு எழுந்தது. மாஸ்ரர் விடவில்லை. "அதுதான் வீரியம்! அளவுக்கு மிஞ்சினால் கோழியே தாங்காதெண்டால் மருந்தின்ரை சத்தைப் பாருங்கோவன்!"

"அப்ப அளவு என்ன மாஸ்ரர்?" என்று கேட்டார் அந்த அம்மா. கேலியில்லாமல், அறிய விரும்பித்தான் கேட்டார். மாஸ்ரர் டொக்டரைப் பார்த்தார், டொக்டர் தராசைப் பார்த்தார். பொடியைக் கட்டாயமாக்கும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்த நாட்டில் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள்; அன்றைக்கு ஆறு வீட்டுக் கோழிகள் தப்பின.

பிறகு நடைமுறை தன் வேலையைத் தொடங்கியது. சின்னராசாவிடம் விளக்கம் கோரும் கடிதத்தை நான்தான் எழுதினேன். 'பரிசோதனைக்குட்பட்ட கூட்டுக்கு அனுமதியின்றிச் சேர்மானம் இட்டமைக்காக உமக்கெதிராக ஏன் நடவடிக்கை எடுக்கப்படக் கூடாது?' அவன் அதை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு என்னிடமே கொண்டுவந்தான். "உதுக்குப் பதில் எழுத எனக்குத் தெரியாது ஐயா, நீங்கள் எழுதித் தாங்கோ." எழுதிக் கொடுத்தேன். உருக்கமாக எழுதினேன், எனக்காகவும் சேர்த்து எழுதினேன். என் கேள்விக்கு என் பதில் திருப்தியாக இருந்தபடியால், எச்சரிக்கையோடு விடயம் முடிவுறுத்தப்பட்டது. சின்னராசா எனக்கு நன்றியாக ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் கொண்டுவந்தான். அதை வாங்கித் தின்றேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு சந்தைக்குப் போகும் வழியில் அவரைக் கண்டேன். சைக்கிளிலிருந்து இறங்கினேன்.

"ஏன் அம்மா என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"ஒண்டைச் சும்மா விட்டு வைக்கவேணும் ஐயா. இல்லாட்டி எப்பிடித் தெரியும்?"

"என்ன தெரியவேணும்?"

"அவை ரெண்டு பேருக்கும் சபையிலை வெக்கம் குடுத்தாச்சு. உங்களுக்குக் குடுக்கேல்லை. ஆர் திருந்தினமெண்டு பாப்பம்."

சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். கோபமிருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாஸ்ரர் சொன்னபடி அவருடைய காட்டை ரத்துச் செய்யக் கடிதம் அனுப்பினார். பிரதி எங்கள் கந்தோருக்கு வந்தது. அதில் நான் என் கைவரிசையைக் காட்டினேன். எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டு எழுதினேன், பதில் வந்தது. பதிலில் திகதி இல்லையென்று திருப்பினேன். திகதியோடு வந்தது, கையொப்பம் தெளிவில்லை என்றேன். முடிவு வரும்வரை பழைய நிலை தொடரும் என்பது பொது விதி. அப்படி அந்தக் கடிதம் எட்டு மாதம் நடந்தது. எட்டு மாதமும் அவருக்குப் புண்ணாக்குக் கிடைத்தது. கடைசியில் மாஸ்ரர் வேறு கண்டுபிடிப்புக்குப் போய்விட்டார். இதை ஒருநாள் அந்த அம்மாவிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நல்ல உபகாரம் ஐயா. ஆனால் உது திருந்தினதுக்குக் கணக்கில்லை. உது உங்களுக்கு வழக்கமாத் தெரிஞ்ச வேலைதானே."

மற்ற இருவரிடமும் மருந்து வேலை செய்ததை நான் கண்ணால் கண்டேன். புருஷன் அந்தக் கதையைச் சந்தியில் நின்று தானே சொல்லிச் சிரிப்பார். அதன்பிறகு கூட்டுப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவார். சின்னராசா எந்தப் பையையும் உதறுவதற்கு முன் கேட்பான். நான் மட்டும் எப்போதும்போல் இருந்தேன். யாராவது அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கதைத்தால், மனித பலவீனம் பற்றி இரண்டு வசனம் சொல்வேன். நல்ல வசனங்கள்.

அவர் ஓயவில்லை. பதினொரு சரக்கையும் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். வலையில் இன்னும் சிறு கூடுகள் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெறுங்கூடு. அதற்குப் பக்கத்தில் எவரையும் விடுவதில்லை. உள்ளி கழிச்சலுக்குக் கொஞ்சம் நல்லது, மஞ்சள் கெடுதியில்லை, வேப்பிலை ஒரு நுள்ளுக்கு மேலே ஆகாது, நிறை கூடுவதைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். இரண்டு வருட உழைப்பின் முடிவு இவ்வளவுதான். டொக்டர் அதை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்தார். அந்தக் கோப்பில் பொய்யில்லாத தாள் அது ஒன்றுதான்.

தொண்ணூற்றைந்தில் படை நெருங்க, ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மழைக்குள், நெரிசலுக்குள் அவரைக் கடைசியாகக் கண்டேன். நான் அப்போது ஓய்வுபெற்றுவிட்டேன்; முழு ஓய்வூதியம். என் சைக்கிளில் கோப்புகள் இருந்தன, மனைவியின் சூட்கேசும் இருந்தது. அவருடைய தலையில் வலைச்சுருள். புருஷன் தோளில் கடைசிப் பிள்ளை. கூட்டம் தள்ளத் தள்ள ஒருவரையொருவர் பார்த்தோம்.

"என்ன ஐயா, சொன்னியளோ?" என்று கத்தினார்.

எதை என்று நான் கேட்கவில்லை. "இன்னும் இல்லை!"

அவர் சிரித்தார். அத்தனை சனத்துக்கும் மழைக்கும் நடுவில் சிரித்த ஒரே ஆள் அவர்தான். "அப்ப கூடு இன்னும் சும்மாதான் கிடக்குது!"

கூட்டம் அவரை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் கொண்டுபோயிற்று.

டொக்டர் காலமாகிவிட்டார். மாஸ்ரரும் இல்லை. சின்னராசா கிளிநொச்சியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். இன்றைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவான். ஓய்வூதியத்தை இனி எவரும் நிறுத்தமாட்டார்கள். அந்தச் சட்டத்தையும் பார்த்துவிட்டேன். ஆகவே உரிய படிவம் இல்லாத காரணத்தால் இங்கே எழுதுகிறேன்: மேற்படி ஆ-கூட்டுக்குப் பொடி இட்டவர்கள் இருவர் அல்லர், மூவர். மூன்றாமவர் நான்.

இது அவருடைய கண்ணில் பட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்படமாட்டார். ஈர்க்கால் கிளறி, மணந்து பார்த்து, "ஒருக்காச் சொன்னதை வைச்சு என்னத்தைச் சொல்லுறது ஐயா? இன்னும் பாப்பம்" என்பார்.